கிணற்றில் நுரை, போர்வெல்லில் சப்பைத் தண்ணீர்: நீர்வடிப்பகுதியைப் பார்க்கச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

அன்னூர்ரோடு (கேள்வி)

வணக்கம். கோவைக்கு வடகிழக்கே அன்னூர் போகிற வழியில் எங்கள் மாமனாருக்குத் தோட்டம் இருக்கிறது. 70 அடிக் கிணறு ஒன்று, 600 அடி போர்வெல் ஒன்று. போர்த் தண்ணீர் எப்போதுமே சப்பை, அதாவது உப்புத் தண்ணீர், அது பழகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர், பல வருஷம் அதைத்தான் குடித்தார்கள், நடுவில் கிணறு வற்றிப் போய் சும்மா கிடந்தது. அத்திக்கடவு திட்டத்தில் எங்கள் ஊர்க் குட்டைக்கும் தண்ணீர் விட்டார்கள், அதற்கு மேல் நல்ல மழையும் பெய்தது, கிணற்றில் கையெட்டும் தூரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும்தான்.

ஆனால் மோட்டார் போட்டால் தொட்டியில் நுரை நிற்கிறது. லேசாக ஒரு வாடை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) கிணற்றில் 1,150, போரில் 1,900. ஆர்ஓ என்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினை விற்க வந்தவர் "எது வந்தாலும் இந்த மிஷின் பார்த்துக்கும் மேடம்" என்கிறார். மார்ச் 22 கிராம சபையில் வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து வந்த அதிகாரி மட்டும் "முதலில் உங்கள் நீர்வடிப்பகுதியில் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றார், அதற்குள் மைக்கை வேறு ஒருவர் வாங்கிவிட்டார்.

எங்களுக்கு மேற்கே, மேட்டுப் பக்கம், சைட் போட்டு ஒரு முப்பது நாற்பது வீடுகள் வந்திருக்கின்றன. அதற்கும் மேலே கோழிப்பண்ணை ஒன்று. கௌசிகா நதி எங்களுக்குத் தெற்கே, வருஷத்தில் பாதி நாள் அது நதி என்றே தெரியாது. இதில் எங்கள் நீர்வடிப்பகுதி எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்து ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? குழந்தை இருக்கிறது, அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

கல்லும்நீரும்

குழந்தை இருக்கிறது என்றீர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ பால் கலக்கவோ வேண்டாம், பஞ்சாயத்துக் குழாயில் வருவதைக் காய்ச்சிக் கொடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். நிலத்தடி நீர் வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

நீர்வடிப்பகுதி என்பது, ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டால் அந்த இடத்துக்கு எந்தெந்த நிலத்தில் விழும் மழை வழிந்து வந்து சேர்கிறதோ அத்தனை நிலமும். எல்லை எது என்றால் சுற்றிலும் உள்ள மேடு. உங்கள் குட்டைக்கு ஒன்று உண்டு, சில நூறு ஏக்கர் இருக்கலாம். அந்தக் குட்டை நிறைந்து வழிகிற பள்ளத்துக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. அந்தப் பள்ளம் போய்ச் சேரும் கௌசிகாவுக்கு, குருடிமலையிலிருந்து வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் கலக்கும் வரைக்கும் ஒன்று. அப்புறம் நொய்யல், அப்புறம் காவிரி. நீங்கள் ஒரே நேரத்தில் இத்தனைக்குள்ளும் இருக்கிறீர்கள். வடக்கே அன்னூர் மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் விழும் மழை பவானிக்குப் போய்விடும். உங்கள் கிணற்றுக் கதைக்கு வேண்டியது முதல் வட்டம்தான், குட்டைக்கும் கிணற்றுக்கும் மேலே உள்ள அந்தச் சில நூறு ஏக்கர்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள். எந்த வரப்பைத் தாண்டித் தண்ணீர் வருகிறது, ரோட்டில் எந்தக் குழாய்ப் பாலத்தின் கீழ் வருகிறது, நிறம் எங்கே மாறுகிறது, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மழைக்காகக் காத்திருக்க முடியாது என்றால் கூகுள் எர்த்தில் உங்கள் கிணற்றின் மேல் சுட்டியை வையுங்கள், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கீழே காட்டும். மேற்கே நகர்த்திக்கொண்டே போங்கள். எண் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் இடம்தான் உங்கள் மேடு. எண் ஏறுகிற ஒவ்வொரு திசையிலும் இப்படிப் புள்ளி வைத்து இணைத்தால் ஓரளவுக்கு வரைபடம் வந்துவிடும். சமவெளியில் சில மீட்டர் பிழை வரும், அதனால் நேரில் போய்ப் பார்ப்பதை விடாதீர்கள். கூடவே ஊர்ப் படத்தையும் 'அ' பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) எடுத்து ஓடை, வாய்க்கால், குட்டை என்று எந்தெந்தப் புல எண் புறம்போக்காகப் பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள். சைட் போட்ட இடத்தில் பழைய வாய்க்கால் ஒன்று ஓடியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி நிலத்துக்குக் கீழே. நம் பக்கம் பாறை நிலம். மேலே மண், அதன் கீழே மக்கிப்போன பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்புகள். 70 அடிக் கிணறு மண்ணிலிருந்தும் மக்கின பாறையிலிருந்தும் தண்ணீர் எடுக்கிறது, அது பெரும்பாலும் அண்மையில் பெய்த மழையும் குட்டையில் கசிந்த நீரும்தான். 600 அடி போர் எடுப்பது வெடிப்புகளில் நெடுநாள் தங்கிப் பாறையின் உப்பைக் கரைத்துக்கொண்ட தண்ணீர், அதனால்தான் சப்பை. ஆக உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். போரின் உப்புக்குப் பெரும்பங்கு பாறை காரணம், கிணற்றின் நுரைக்கு மேட்டில் இருக்கும் மனிதர்கள் காரணம்.

நுரை என்றால் பெரும்பாலும் சோப்பு, அதாவது வீட்டுக் கழிவுநீர். கிணறு வற்றிக் கிடந்த வருஷங்களில் அந்த நாற்பது வீடுகளும் வந்திருக்கும். செப்டிக் டேங்க் என்ற பெயரில் சிமெண்ட் உறை இறக்கிய குழிகள், அடியில் தளம் போட்டிருக்க மாட்டார்கள், போட்டால் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதுதான் கணக்கு. அப்போது நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்ததால் கசிந்தது நடுவழியில் மண்ணில் கொஞ்சம் வடிகட்டப்பட்டது. இப்போது நீர்மட்டம் ஏறி அந்தக் குழிகளின் அடியைத் தொட்டிருக்கும். வடிகட்ட நடுவில் காய்ந்த மண்ணே இல்லை, நேராகக் கலக்கிறது. இதற்குக் குட்டைத் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே நிலத்துக்குள் இருந்ததை அது மேலே கொண்டுவந்து காட்டியிருக்கிறது.

இது என் ஊகம். உறுதி செய்ய ஒரே வழி பரிசோதனை.

டிடிஎஸ்_பைத்தியம்

மேடம், அந்த மீட்டரை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடுகிற பேனா, அவ்வளவுதான். சாக்கடைக் கிருமி அதற்குத் தெரியாது. 200 டிடிஎஸ் தண்ணீரில் கிருமி நிறைந்திருக்கலாம், 1,150 தண்ணீரில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இந்தியத் தர அளவில் 500 வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை அனுமதி.

நீங்கள் பார்க்க வேண்டியது நைட்ரேட்டும் (சாக்கடை, எரு, உரத்திலிருந்து இறங்கும் உப்பு) ஈகோலியும் (மலத்திலிருந்து வரும் கிருமி). நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை, அதற்கு மேல் சலுகை கிடையாது. ஈகோலி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, பொதுமக்கள் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர். கிருமிச் சோதனைக்கு அவர்களிடமே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் கேட்டு வாங்குங்கள், வீட்டு வாட்டர் பாட்டில் ஆகாது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

நேரா_சொல்றேன்

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் இந்த அம்மா மழையில் குடை பிடித்து நடந்து என்ன ஆகப் போகிறது? நொய்யலைக் கெடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலைக்காரன் ராத்திரியில் திறந்துவிடுவான், மாநகரம் மொத்தச் சாக்கடையையும் குளத்தில் விடும், நாம் எருக்குழிக்குக் கூரை போட்டுக்கொண்டு நீர்வடிப்பகுதி என்று பேசிக்கொண்டிருப்போம். நல்ல ஆர்ஓ ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

சென்னிமலைக்காரன்

@நேரா_சொல்றேன், நீங்கள் சொல்வதில் பாதி சரிங்க. மீதிப் பாதியை, அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த ஊர்க்காரன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம். ஈரோடு, கரூர்ப் பக்கம் ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாயும் என்று கட்டி 1992-இல் திறந்தார்கள். வந்ததோ திருப்பூர்ச் சாயத் தண்ணீர். பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்கு உப்பும் சோடியம் சல்பேட்டும் கொட்டுகிறார்கள், நிறத்தைப் பிரித்து எடுத்தாலும் கரைந்த உப்பு தண்ணீரோடுதான் போகும். அணை அதைத் தேக்கி வைக்கிற தொட்டியாக மாறிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு உப்பு இறங்கியது, தென்னை போனது, மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலைமை வந்தது, இப்படி ஒரு கொடுமையை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆனால் அந்த வழக்கை நடத்தியது யார்? ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம், அதாவது ஆற்றுப் பாசன நிலத்துக்காரர்கள். கட்சியும் இல்லை, பெரிய பணமும் இல்லை. பல வருஷம் இழுத்து, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, 700-க்கும் மேல் மூடினார்கள். அதற்குப் பிறகுதான் கழிவைத் துளிகூட வெளியே விடாமல் ஆர்ஓ வைத்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் பிரித்து எடுக்கும் முறை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பழைய அளவு இல்லை, அவ்வளவுதான்.

அந்த வழக்கு நின்றதற்குக் காரணம் எங்களிடம் கணக்கு இருந்தது. எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், மேலே என்ன இருக்கிறது, எல்லாம் காகிதத்தில் இருந்தது. "நாத்தமா இருக்குதுங்க" என்று போய் நின்றிருந்தால் எந்த அதிகாரியும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். இந்தத் தங்கச்சி மழையில் நடந்து பார்த்து, எங்கிருந்து வருகிறது என்று குறித்து வைத்து, பரிசோதனைத் தாளையும் சேர்த்து வைத்தால் அதுவும் அதே வேலைதான், சின்ன அளவில்.

பொள்ளாச்சி_டீச்சர்

நான் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் "நீ குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது" என்று கேட்டால் குழாயிலிருந்து என்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பெரியவர்களும் அப்படித்தான். கோவை நகரம் குடிப்பது சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர், இரண்டும் பவானிப் பக்கத்து நீர். நொய்யல் அவர்கள் வீட்டு வாசலில் ஓடுகிறது, ஆனால் அவர்கள் வாயில் படுவதில்லை. அது கெட்டால் அவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. அலட்சியத்துக்கு இதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது, கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மேட்டில் இருக்கும் நாற்பது வீடுகளுக்கும் குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய்தானே வருகிறது? அவர்கள் குழியிலிருந்து கசிவதை அவர்கள் குடிக்கவில்லை, நீங்கள் குடிக்கிறீர்கள். போய்ச் சண்டை போடாமல் சொன்னால் பாதிப் பேருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

எங்கள் பக்கம் இன்னொரு கதை. ஆழியாறு மேற்கே போய் பாரதப்புழையில் சேர்கிறது, ஆக நாங்கள் கொட்டுவது கேரளாவுக்குப் போகிறது. தென்னை நார்க் கழிவைக் கழுவி உப்பை எடுக்கும் களங்களில் அந்தத் தண்ணீரைச் சும்மா மண்ணில் விட்டால் பக்கத்துக் கிணறு டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். தேங்காய் நார்தானே, இயற்கைப் பொருள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். கோழி எருவும் இயற்கைதான், நைட்ரேட் அதிலிருந்தும்தான் இறங்கும். மேலே பண்ணை இருக்கிறது என்றீர்கள், எருவை எங்கே குவிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்னூர்ரோடு

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிணற்றில் நைட்ரேட் 92, ஈகோலி இருக்கிறது. போரில் ஈகோலி இல்லை, நைட்ரேட் 30, ஆனால் கடினத்தன்மை 700-க்கு மேல்.

போன வாரம் ஒரு நல்ல மழையில் நானும் மாமனாரும் நடந்தோம். கல்லும்நீரும் ஐயா சொன்ன மாதிரியே சைட்டுக்குள் வாய்க்கால் புறம்போக்கு ஒன்று இருக்கிறது, அதன் மேல் ரோடு போட்டுவிட்டார்கள், மழைத் தண்ணீர் இப்போது ரோட்டோடு வந்து எங்கள் வேலியோரம் இறங்குகிறது. கோழிப்பண்ணைக்காரர் எருவைத் திறந்தவெளியில்தான் குவித்திருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு ஓடை வந்து குட்டையில் சேர்கிறது. மாமனார் அவரிடம் பேசினார், தார்ப்பாய் போடுகிறேன் என்றிருக்கிறார்.

இப்போது மூன்று சந்தேகம். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா? ஆர்ஓ வாங்கலாமா? கூரை மழைநீரைக் கிணற்றில் விட்டால் கலங்கித் தெளியும் என்று ஒருவர் சொன்னார், ரோட்டில் வரும் தண்ணீரையும் சேர்த்துப் போருக்குள் விடலாம் என்கிறார், செய்யலாமா?

கல்லும்நீரும்

கடைசியிலிருந்து வருகிறேன். ரோட்டுத் தண்ணீரைப் போருக்குள் விடவே விடாதீர்கள், யார் சொன்னாலும். இப்போதைக்கு உங்கள் போர்தான் கிருமி இல்லாமல் இருக்கிறது. மேலே ஓடும் சாணி, எண்ணெய், சாக்கடை எல்லாவற்றையும் 600 அடிக்கு நேராக இறக்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை, வெடிப்பு வழியாகப் பக்கத்துத் தோட்டத்துப் போருக்கும் போய்விடும். கூரை நீர் வேறு. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டி வழியாகத் தொட்டியில் பிடியுங்கள். உங்கள் நிலைமையில் அதைக் கிணற்றில் விடுவதைவிடத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வது நல்லது.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. கணக்கு ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம், ஆனால் நம் ஊர்க் கிணற்றின் அகலத்துக்கும் தினமும் ஊறி வரும் தண்ணீருக்கும் அதில் போடுவது வீண். மேல்நிலைத் தொட்டியில் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் எடுங்கள்.

நைட்ரேட் இருக்கும்போது காய்ச்சுவது நேர்மாறான வேலை, ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் நைட்ரேட் கூடும். யுவி ஃபில்டரும் அதைத் தொடாது. கைக்குழந்தைக்குப் பாலில் கலந்தால் ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாயும், அதனால்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன். ஆர்ஓ நைட்ரேட்டைப் பெருமளவு குறைக்கும். வாங்குங்கள், ஆனால் போர்த் தண்ணீரைப் போடுங்கள், கிணற்றுத் தண்ணீரைப் போடாதீர்கள். வாங்கியபின் வெளியே வரும் தண்ணீரையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள், விற்பவரின் மீட்டரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆர்ஓ கழித்து வெளியேற்றும் தண்ணீரில் உப்பு கூடுதல், அதைக் கிணற்றுமேட்டில் விடாமல் கழுவ, துடைக்கப் பயன்படுத்துங்கள்.

இனி மேட்டு வேலை. தார்ப்பாய் நல்லதுதான், ஆனால் அடியில் தளம் இல்லாவிட்டால் மழைக்கு மட்டும்தான் உதவும். குவியலைச் சிமெண்ட் தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓடையிலிருந்து தள்ளியாவது வைக்கட்டும். குட்டைக்குள் தண்ணீர் இறங்கும் இடத்தில் கொஞ்சம் அகலமாகப் புல்லும் வெட்டிவேரும் வளரவிட்டால் வண்டலும் எருவும் அங்கே கொஞ்சம் தங்கும். உங்கள் தோட்டத்திலும் யூரியாவை ஒரேயடியாகப் போட்டுத் தண்ணீர் கட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், 92-இல் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

செப்டிக் குழிகள்தான் கஷ்டமான பகுதி. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 60 அடி தூரம் வேண்டும் என்பது விதி, பாறை வெடிப்பு உள்ள இடத்தில் அந்த 60-ஐயும் முழுதாக நம்ப முடியாது. நாற்பது வீட்டையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. உங்கள் வேலியை ஒட்டிய ஐந்தாறு வீடுகளிடம் பரிசோதனைத் தாளைக் காட்டிப் பேசுங்கள், தளமும் சுவரும் பூசிய மூடிய தொட்டியாக மாற்றி வண்டி வைத்து எடுக்கச் சம்மதித்தால் அதுவே பெரிய விஷயம். சைட்டுக்குள் மூடிய வாய்க்கால் புறம்போக்கைப் பற்றி வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு, புல எண்ணோடு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதையே தீர்மானமாகக் கேளுங்கள், மைக்கை விடாதீர்கள்.

மறு பரிசோதனையை வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று, கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஒன்று என்று வையுங்கள். மட்டம் இறங்கும்போது நைட்ரேட்டும் ஈகோலியும் சேர்ந்து குறைந்தால் செப்டிக் குழிகள் மேல் சந்தேகம் வலுக்கும். நைட்ரேட் மட்டும் அப்படியே நின்றால் எருவையும் உரத்தையும் பாருங்கள்.

நேரா_சொல்றேன்

ஆர்ஓ வாங்கச் சொன்னது நான்தானே, கடைசியில் ஐயாவும் அங்கேதான் வந்து நிற்கிறார் 🙂 சரி, அந்தப் புறம்போக்கு மனுவைத் தபாலில் போடாமல் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் பின்னாடி எதையும் கேட்க முடியாது.